போர்முனைக்கு ஒரு மடல்: எழுதும் முறை



தொல்காப்பியப் பாயிரம் தமிழகத்தின் வட எல்லையாகக் கூறுவது வேங்கடம். அகநானூற்றுத் தலைவர் பலர் அம்மலை கடந்து வேற்றுமொழி நாடு சென்றனர். வீட்டிலிருந்தோர் அவர் வரவுக்கு ஏங்கினர். அம்மலையடியில், திருப்பதியில் பயிலும் நம்மிற் சிலருக்கும், சித்தூர்த் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றுக்கும் இன்றும் அவ்வேக்கம் உண்டு. என் தமையனாரும் எல்லைக் காவலில் இருக்கிறார். அவருக்கு எழுதி எழுதிக் கண்ட முறையை இங்கே கூறுகிறேன்.

1. முகவரி: படை எண், பதவி, பெயர், படைப்பிரிவு, 56 அல்லது 99 ஏ.பி.ஓ. இவை வேண்டும். ஊர்ப்பெயர் வேண்டுவதில்லை. அவர் இருக்குமிடம் பிறர் அறியாதிருப்பதே காப்பு. மடலிலும் அதனைக் கேளாதீர்கள்.

2. தொடக்கம்: கம்பனின் அனுமன், சீதையைக் கண்ட செய்தியையே இராமனிடம் முதலிற் கூறுகிறான். நாமும் வீட்டார் நலத்தை முதல் வரியிலேயே கூறிவிட வேண்டும்.

3. வீரரைத் தேர்தல்: கர்ணனும் அபிமன்யுவும் பெருவீரரே. ஆனால் களத்தில் மாண்டவர் கதை, களத்தில் நிற்பவருக்கு ஊக்கம் தராது. உறங்காது காத்து, உயிரோடு மீண்ட இலக்குவனை எழுதுங்கள். நெடுநல்வாடையில் வாடைக்காற்று வீசும் நள்ளிரவில், புண்பட்ட வீரரைப் பார்க்கப் பாசறையில் நடந்த அரசனை எழுதுங்கள். குளிரும் விழிப்பும் தமக்கு மட்டும் உரியன அல்ல என்று அவர் உணர்வார்.

4. அளவு: ஆய்வுக்கூடத்தில் நிறங்காட்டி இரண்டொரு துளி போதும், மிகுந்தால் முடிவு கெடும். காவியமும் அப்படியே. மூன்று வரிக்கு மேல் போனால் மடல் சொற்பொழிவாகிவிடும்.

5. முடிவு: வீட்டுக் காரியம் ஒன்றில் அவர் கருத்தைக் கேளுங்கள். தாம் இன்னும் அவ்வீட்டார்தாம் என்பதை அக்கேள்வியே சொல்லும்.

எடுத்துக்காட்டு:

"அன்புள்ள அண்ணாவுக்கு, இங்கு எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்துவிட்டது. குகன் பார்த்திருக்க, இலக்குவன் விடியுமளவும் கண்ணிமையாது நின்றதை நேற்றுப் படித்தேன். பனியில் நீங்கள் நிற்பது நினைவுக்கு வந்தது. அவன் வீடு திரும்பப் பதினான்கு ஆண்டு ஆயிற்று. உங்களுக்குத் தை மாதமே விடுப்பு. தோப்பில் இரண்டு மாங்கன்றுகள் பட்டுவிட்டன. வேறு என்ன கன்று வைக்கலாம்? எழுதுங்கள்."

தோழர்களே, கைப்பேசிக்கு எட்டாத காவல் நிலைகள் இன்றும் உள்ளன. அங்கே ஒரு தாளைப் பத்து முறை படிப்பார்கள். இன்றிரவே எழுதுங்கள்.