ஒன்பதாவதாக நின்றவர்



பரீட்சை முடிவுகள் வெளிவரும் காலத்தில் நம் கடைகளில் ஒரு பேச்சு அடிபடுவதுண்டு. "பையனுக்குப் படிப்பு ஏறவில்லை, கல்லாவில் உட்கார வைத்துவிட வேண்டியதுதான்" என்பதே அது. கடைத்தொழில் இழிவானதன்று; நாம் யாவரும் அதில் உண்டு வளர்ந்தவர்களே. ஆயினும் ஒரே ஒரு முடிவைக் கொண்டு பிள்ளையின் கணக்கை முடித்துவிடுவது முறைதானா? இதை ஆராய்வதற்கு மர்ஹூம் டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்களின் இளமையை எடுத்துக்கொள்வோம். 2002 முதல் 2007 வரை அவர் இந்திய ஜனாதிபதியாக இருந்ததை எல்லோரும் அறிவர். அவர் ஆசைப்பட்டு நின்ற உத்தியோகம் அவருக்குக் கிடைக்கவே இல்லை என்பதைப் பலர் அறியார்.

அவர் 1931-இல் இராமேஸ்வரத்தில் பிறந்தார். தகப்பனார் ஜைனுலாப்தீன் அவர்கள் யாத்திரிகர்களைத் தனுஷ்கோடிக்கு ஏற்றிச் செல்லப் படகு வைத்திருந்தார். அப்படகைப் புயல் கொண்டுபோயிற்று. முதலோடு போன வியாபாரம் எப்படியிருக்கும் என்பதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சகோதரர்களில் ஒருவருக்கு மளிகைக் கடை, மற்றொருவருக்குச் சிப்பிப் பொருள்கள் விற்கும் சிறு கடை. இரண்டாம் உலக யுத்தத்தின்போது, ஓடும் ரயிலிலிருந்து எறியப்படும் பத்திரிகைக் கட்டுகளை எடுத்துக் கொடுத்தே கலாம் தம் முதற் கூலியைச் சம்பாதித்தார்.

திருச்சியில் பௌதிகம் படித்து முடித்த பிறகுதான், தமக்கு ஏற்றது எஞ்சினீயரிங் என்று கண்டார். சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. சேருவதற்கு ஏறத்தாழ 1,000 ரூபாய் வேண்டும். தகப்பனாரிடம் அத்தொகை இல்லை. தமக்கையார் ஸொஹரா தம்முடைய தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். கடை முதலுக்காகப் பெண்களின் நகை அடகுக்குப் போவதை நாம் கண்டிருக்கிறோம். இங்கே அது தம்பியின் படிப்புக்குப் போயிற்று.

ஆகாய விமானப் படிப்பு முடிந்ததும் கலாம் இரண்டு இடங்களுக்கு மனுப் போட்டார். ஒன்று, விமானப் படையில் விமானி வேலை. அவர் மனம் முழுவதும் அதிலேயே இருந்தது. மற்றொன்று, டில்லியில் பாதுகாப்பு அமைச்சைச் சேர்ந்த தொழில்நுட்ப இலாகாவில் வேலை. இரண்டிலிருந்தும் அழைப்பு வந்தது. முதலில் டில்லி பேட்டியை முடித்துக்கொண்டு டேராடூனுக்குப் போனார். அங்கே வந்திருந்தவர் 25 பேர். எடுக்கப்பட்டவர் 8 பேர். கலாம் ஒன்பதாவதாக நின்றார். மனமுடைந்து ரிஷிகேஷ் வரை போய்விட்டுத் திரும்பினார். டில்லி இலாகா அவரை எடுத்துக்கொண்டது. ஆண்டு 1958; மாத அடிப்படைச் சம்பளம் 250 ரூபாய்.

இவ்விடத்தில் அவருடைய மனவுறுதியைப் புகழ்வதே எழுதுவோர் வழக்கம். மனவுறுதி இருந்தது உண்மைதான். ஆனால் வியாபாரியின் கண்ணுக்கு முதலில் படவேண்டியது, டேராடூன் முடிவு வருமுன்பே டில்லிக்கும் மனுப் போட்டு வைத்திருந்தார் என்பதே. ஒரே சரக்கில் முழு முதலையும் போட்டுவிட்டுத் தவக்குல் என்று சொல்லும் வியாபாரி நம்மில் யார்?

கிடைத்த வேலையும் அவர் கேட்ட வேலையன்று. பெங்களூரில், காற்று மெத்தையில் மிதந்து செல்லும் வண்டியொன்றைச் செய்யச் சொன்னார்கள். 'நந்தி' என்று பெயரிட்டுச் செய்து முடித்தார். பின்னர் மேலிடத்து ஆதரவு நீங்கித் திட்டமே கைவிடப்பட்டது. ஆயினும் அவ்வண்டியைப் பார்க்க வந்து ஏறிச் சென்றவர்களில் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பேராசிரியர் எம்.ஜி.கே. மேனனும் ஒருவர். அதன் பிறகு விண்வெளி ஆராய்ச்சிக் குழுவின் பேட்டிக்கு அழைப்பு வந்தது. பேட்டி கண்டவர் விக்ரம் சாராபாய். நம்மவர் ராக்கெட் எஞ்சினீயர் ஆனார். கைவிடப்பட்ட வண்டியே அவரை அங்கே கொண்டு சேர்த்தது எனலாம்.

1979 ஆகஸ்டு 10-ந் தேதி, அவர் தலைமையில் செய்த எஸ்.எல்.வி.-3 ராக்கெட் வங்காள விரிகுடாவில் விழுந்தது. பத்திரிகைக்காரர்களுக்குப் பதில் சொல்லும் பொறுப்பை மேலதிகாரி சதீஷ் தவான் தாமே ஏற்றார். 1980 ஜூலை 18-இல் வெற்றி கிட்டியபோதோ, கலாமையே பேசச் சொன்னார். ஆள் வைத்துக் கடை நடத்துவோர் இதை இரண்டு தடவை வாசிக்கலாம். விமானி வேலை கிடைக்காத கலாம், 2006-இல் தமது 74-ஆம் வயதில் சுகோய்-30 போர் விமானத்தில் பறந்தார் என்பது தனிச் செய்தி.

இனி நம் வீட்டுக்கு வருவோம். சிங்கப்பூரில் ஐ.டி.இ. பயிற்சிக் கழகத்தில் சேர்ந்து, அங்கிருந்து பலதுறைத் தொழிற்கல்லூரிக்கும், பின்னர் பல்கலைக்கழகத்துக்கும் ஏறிப் போனவர்கள் உண்டு. மலேசியாவில் எஸ்.பி.எம். முடிவு எதிர்பார்த்தபடி அமையாத பிள்ளை, மலேசியத் தொழில்திறன் சான்றிதழ் வழியாகப் படிப்படியாக டிப்ளோமா வரை போகலாம். மின்னியல், கணினி, இயந்திரப் பழுது என்று துறைகள் பல. ஆணாயினும் பெண்ணாயினும், முடிவு வருமுன்பே இவ்வழிகளை விசாரித்து மனுவுக்குரிய கடைசித் தேதிகளைக் குறித்து வைக்க வேண்டும். வருடக் கணக்கு முடிக்கும்போதே பேரேட்டில் பிள்ளையின் பெயருக்கு ஒரு பக்கம் திறந்து, படிப்புச் செலவைத் தனிப் பற்றாக எழுதி வைத்தால், நகை அடகுக்குப் போக வேண்டிய அவசியமும் நேராது.