கெட்டது இரும்பு அல்ல



நியூ ஹாம்ப்ஷயரில் நீங்கள் வாங்கிய வீட்டோடு வந்த பழைய விறகுக் கணப்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள். காற்று மூடியை முழுக்க அடைத்தாலும் தீ தணிவதில்லை, பக்க மூட்டுகளிலிருந்து வெளிறிய பொடி உதிர்கிறது, வந்து பார்த்தவர் பழைய இரும்புக்குப் போட்டுவிடச் சொன்னார் என்கிறீர்கள். போடாதீர்கள்.

முன்னால் இரட்டைக் கதவு, பக்கவாட்டில் விறகு போட இன்னொரு கதவு, பின்னால் சூட்டுக்கேற்பத் தானே ஏறி இறங்கும் காற்று மூடி: நீங்கள் விவரிப்பதைப் பார்த்தால் அது வெர்மான்ட் காஸ்டிங்ஸ் நிறுவனத்தின் பழைய ‘டிஃபையன்ட்’. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு நியூ இங்கிலாந்துக் குடும்பங்கள் பல மறுபடி விறகுக்குத் திரும்பின. அந்தச் சூழலில் 1975ல் டங்கன் சைம், மர்ரி ஹவல் என்ற இருவர் வெர்மான்ட்டின் ராண்டால்ஃப் ஊரில் தொடங்கிய நிறுவனம் அது. டிஃபையன்ட்தான் அவர்களுடைய முதல் அடுப்பு.

உங்கள் அடுப்பில் கெட்டிருப்பது மூட்டுகள். இரும்பு அநேகமாக நன்றாகவே இருக்கும். இந்த அடுப்பை ஒரே வார்ப்படமாகச் செய்யவில்லை. ஒவ்வொரு தகடும் தனியாக மணல் அச்சில் வார்த்தது. ஒன்றின் விளிம்பு மற்றதன் பள்ளத்தில் உட்காரும், இடைவெளியை உலைச் சிமென்ட் நிரப்பும், போல்ட்டுகள் எல்லாவற்றையும் சேர்த்து இழுத்துப் பிடிக்கும். இது பழைய முறைதான். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தன் கணப்பைப் பற்றி 1744ல் வெளியிட்ட சிறுநூலிலும் அடுப்பைத் தகடு தகடாகத்தான் விளக்குகிறார்.

ஏன் அப்படி? வார்ப்பிரும்பு அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், இழுத்தால் தாங்காது. அதில் இருக்கும் கார்பன் கிராஃபைட் செதில்களாகப் பிரிந்து கிடக்கும். விரிசல் விட்டால் செதிலுக்குச் செதில் தாவி ஓடிவிடும். தீயை ஒட்டிய தகடு அதிகம் விரியும், தள்ளியிருப்பது குறைவாக விரியும். எல்லாம் ஒரே துண்டாக இருந்தால் எங்காவது வெடிக்கக்கூடும். தனித்தனியாக இருப்பதால் மூட்டு சற்று அசைந்து கொடுக்கிறது, அந்த அசைவில் சிமென்ட் நொறுங்குகிறது. நொறுங்க வேண்டியதும் அதுதான். இரும்பு பிழைக்க வேண்டும் என்பதற்காகச் சிமென்ட் போகிறது. இதைச் செய்தவர்கள் மேல் எனக்கு இருக்கும் மரியாதைக்கு இந்த ஏற்பாடே காரணம்.

ஆனால் போன சிமென்ட்டை மாற்றாமல் எரிப்பது ஆபத்து. மூடிய அடுப்பில் காற்றை அளந்து விடுவதுதான் தீயை ஆளும் முக்கிய வழி. மூட்டு வழியாகக் காற்று நுழைந்தால் மூடியை அடைத்தும் பயனில்லை. தகடு செக்கச் சிவந்து, வளைந்து, கடைசியில் உண்மையாகவே பழைய இரும்பாகிவிடும். அதனால் சரிசெய்யும் வரை எரிக்காதீர்கள்.

தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்து அடுப்புகளில் கதவு விளிம்புக்கு ஆஸ்பெஸ்டாஸ் கயிறு வைப்பது வழக்கம். பழைய கயிறு எதுவானாலும் ஆஸ்பெஸ்டாஸ் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் தீர வேண்டுமானால் கழற்றும் முன்பே ஒரு சோதனைக்கூடத்தை அணுகிப் பார்க்கலாம், இல்லையேல் அதற்குப் பயிற்சி பெற்றவரை வரவழைக்கலாம். உலர்ந்த நிலையில் அதைச் சுரண்டவோ தேய்க்கவோ கூடாது.

அடுப்பு சுமார் 150 கிலோ இருக்கும். முதலில் கதவுகள், மேல் மூடி, கம்பித் தட்டு என்று கழலக்கூடியதையெல்லாம் கழற்றி எடை குறையுங்கள். ஒவ்வொரு தகட்டின் உள்முகத்திலும் சாக்கட்டியால் எண் போடுங்கள், படமும் எடுங்கள்.

பொறுமையைச் சோதிப்பவை போல்ட்டுகள். பல்லாண்டுச் சூட்டில் நட்டும் போல்ட்டும் ஒன்றாகவே ஆகியிருக்கும். துரு நெகிழ்த்தும் எண்ணெயை முந்தின நாளே விட்டு ஊறவையுங்கள். மறுநாள் ஸ்பேனரைப் போட்டு, கழற்றும் பக்கம் திருப்புவதற்கு முன் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை திருப்பிப் பாருங்கள். துருவின் பிடி பெரும்பாலும் அதில்தான் விடும். விடாவிட்டால் எண்ணெயை நன்றாகத் துடைத்துவிட்டு, வெளியில் வைத்து, நட்டை மட்டும் எரிவாயுச் சுடர் டார்ச்சால் சூடாக்குங்கள். நட்டு விரிந்து பிடி தளரும். அப்போதும் வராவிட்டால் நட்டைப் பிளந்தோ போல்ட்டைத் துளைத்தோ எடுத்துவிடலாம். போல்ட் மலிவு. தகட்டின் காதை உடைத்துவிட்டால் அதற்கு மாற்றுத் தேடுவது பெரும்பாடு. தகடுகளைப் பிரிக்கும்போதும் இரும்புச் சுத்தியல் வேண்டாம், கொட்டாப்புளி போதும்.

பிரித்த தகட்டைக் கயிற்றில் தொங்கவிட்டு விரல் முட்டியால் தட்டுங்கள். சந்தையில் மண்சட்டி வாங்குகிறவர் தட்டிப் பார்ப்பது போலத்தான்: கணீரென்றால் முழுசு, மொத்தென்றால் எங்கோ விரிசல். வெளித் தகட்டில் சிறு விரிசல் என்றால் வார்ப்பிரும்பு ஒட்டத் தெரிந்த வெல்டரிடம் கொடுக்கலாம். முன்கூட்டியே சூடாக்கி, நிக்கல் கம்பியால் ஒட்டி, மெல்ல ஆறவிடத் தெரிந்தவராக இருக்க வேண்டும். தீயை நேரே வாங்கும் உள்தகடு விரிசல் விட்டிருந்தால் ஒட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை, மாற்றிவிடுவதே மேல்.

அதிக நேரத்தைப் பள்ளங்களுக்குக் கொடுங்கள். பழைய சிமென்ட் ஓரிடத்தில் மாவாக உதிரும், பக்கத்திலேயே கல்லாக இறுகியிருக்கும். குறுகிய உளியும் வயர் பிரஷும் கொண்டு, அடியில் இரும்பு தெரியும்வரை சுரண்டுங்கள். முகமூடி போட்டுக்கொண்டே செய்யுங்கள். பழசின் மேல் பூசிய புதுச் சிமென்ட் ஒரு குளிர்காலம்கூட நிற்காது.

கோக்கும்போது பள்ளத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டுச் சிமென்ட்டைத் தாராளமாக வையுங்கள். போல்ட்டுகளைக் குறுக்குக் குறுக்காக, சிறிது சிறிதாக இறுக்குங்கள். போல்ட் மரைகளில் அதிக வெப்பம் தாங்கும் ஆன்டி-சீஸ் பசையைத் தடவினால் அடுத்த முறை பிரிக்கிறவர் உங்களை வாழ்த்துவார். கதவுக்குக் கண்ணாடியிழைக் கயிறு. ஒரு தாளை இடையில் வைத்துக் கதவைப் பூட்டி இழுங்கள்; தடையில்லாமல் வந்தால் அந்த இடத்தில் கயிறு பற்றவில்லை. இரவில் விளக்கணைத்து, அடுப்புக்குள் ஒரு விளக்கை வைத்து மூட்டுகளைச் சுற்றிப் பாருங்கள். வெளிச்சம் கசியும் இடத்தில் காற்றும் கசியும்.

சிமென்ட் காய ஒரு நாளாவது விட்டு, முதலில் சுள்ளி மட்டும் வைத்துச் சிறு தீ மூட்டுங்கள். அடுத்தடுத்த தீயைச் சற்றே பெரிதாக்குங்கள். புதுச் சிமென்ட் நாறும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாமல் ஒரு தீக்குச்சிகூட வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் விறகடுப்புப் புகைக்கு மத்திய அரசு வரம்பு விதித்தது 1988ல். உங்களுடையது அதற்கு முந்தியது, புது அடுப்பைவிடப் புகை அதிகம் விடும். நெருக்கமான தெருவில் வீடு என்றால், நன்றாக ஓடும் பழைய அடுப்பாக இருந்தாலும் மாற்றச் சொல்வேன். நீங்கள் இருப்பது காட்டோரம். ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே உலர்ந்த விறகை மட்டும் எரித்து, ஆண்டுதோறும் புகைபோக்கியைச் சுத்தம் செய்யச் சொன்னால் போதும் என்பது என் எண்ணம். வீட்டுக் காப்பீட்டு நிறுவனத்தையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சிமென்ட், கயிறு எதையும் இப்போதே வாங்க வேண்டாம். கதவைத் திறந்து, டார்ச் அடித்து, உள்தகடுகள் வளைந்திருக்கின்றனவா, விரிசல் விட்டிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். பார்த்ததைப் படத்தோடு எழுதுங்கள். எந்தத் தகட்டுக்கு மாற்றுத் தேட வேண்டும் என்று அதை வைத்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்