கிடாரில் இருட்டு ஏத்தலாம், வாங்க

"பயமா ஒரு ரிஃப் போடணும், எந்த ஸ்கேல்க்கா?" இப்படித்தான் எல்லாரும் ஆரம்பிக்கிறீங்க. பேரைச் சொல்லிடலாம், அது சுலபம். ஆனா எந்த ஸ்வரத்துல போய் நிக்கறீங்கங்கறதுலதான் கண்ணுகளா, முக்கால்வாசி இருட்டு இருக்கு.

முதல்ல ஃப்ரிஜியன். தடித்த ஈ ஸ்ட்ரிங்கை ஓப்பனா அடிச்சுட்டு, அதிலேயே 1, 3, 5, 7, 8, 10, 12-னு ஃப்ரெட் ஏறுங்க. நம்ம தோடியோட ஏழு ஸ்வரம்தான். (கமகம் இல்லாம அது தோடியாகாது, பாட்டு டீச்சர்கிட்ட என்னை மாட்டிவிடாதீங்க.) சிக்கல் என்னன்னா, சி மேஜருக்கும் இதே ஏழுதான். அடிக்கடி 8-ல, அதாவது சி-யில போய் உட்கார்ந்தா கல்யாண வீடு மாதிரி வெளிச்சம் வந்துடும். அதனால போன்ல தம்புரா ஆப் போட்டு ஈ சுருதி வச்சுக்குங்க. ஓப்பன் ஈ, 1-வது ஃப்ரெட், மறுபடி ஓப்பன். அந்த அரை ஸ்வர உரசல்ல நின்னு நிதானமா வாசிங்க. ஸ்கேலை மேலயும் கீழயும் ஓட்டிக்கிட்டே இருந்தா அது பயிற்சி, பாட்டு இல்ல.

இப்ப 3-ஐ விட்டு 4-ஐப் பிடிங்க. ஃப்ரிஜியன் டாமினன்ட், நம்ம வகுளாபரணம். 1-க்கு சுட்டு விரல், 4-க்கு சுண்டு விரல். அதோட 10-ஐயும் 11 ஆக்கினா மாயாமாளவகௌளை! சரளி வரிசையில பாடின அதே ராகம். டிக் டேல் 1962-ல 'மிசிர்லூ'வை இந்த ஸ்கேல்லதான் அதிர வச்சார்.

சிம்மேந்திரமத்யமம் வேணுமா? 2, 3, 6, 7, 8, 11, 12. வெளியில இதுக்கு ஹங்கேரியன் மைனர்னு பேரு. என்னைக் கேட்டா, இருட்டோட அழகும் வேணும்னா இதுதான்.

கார்டுக்கு ஒரு குறுக்கு வழி. ஓப்பன் ஈ-யோட அஞ்சாவது ஸ்ட்ரிங் 2-வது ஃப்ரெட் பிடிச்சா பவர் கார்ட். அந்த விரலை 1-க்கு இறக்குங்க, ட்ரைடோன். வயித்தைக் கலக்கும். பிளாக் சபாத் 1970-ல தங்கள் பேரிலேயே போட்ட பாட்டோட முக்கிய ரிஃப், ஜி, மேல் ஜி, சி ஷார்ப், அவ்வளவுதான். வேகம் ரொம்பக் குறைவு, பயமே அதுலதான்.

கடைசியா லோக்ரியன் ஸ்கேல். இதுல பஞ்சமமே கிடையாது, ஃப்ரிஜியன்ல வர்ற 7-க்குப் பதில் 6. பஞ்சமம் இல்லாததால 72 மேளகர்த்தாவிலயும் இதுக்கு இடமில்ல. காலுக்குத் தரை கிடைக்காத ஸ்கேல், முழுப் பாட்டுக்கு இழுக்காதீங்க. நாலு பார் போதும்.

டிஸ்டார்ஷன் போட்டா ரெண்டு ஸ்ட்ரிங்குக்கு மேல சேர்த்து அடிக்காதீங்க, குழம்பிடும். கெயினையும் பாதியிலேயே நிறுத்துங்க. 1-வது ஃப்ரெட்டோட உரசல் அப்பதான் தெளிவா கேட்கும்.