ஊர் வரலாற்றைக் காக்க வணிகர்கள் செய்யக்கூடியவை

1930களில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது, தண்ணீரோடு கருப்பான பொருள் வெளிவந்தது. அதை அவர் அழுக்கென்று ஒதுக்கிவிடாமல் அரசின் கவனத்துக்குக் கொண்டு சென்றார். 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் அமைந்தது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். நகரியமும் அதிலுள்ள நம் கடைகளும் பிறகு வந்தவை.

சுரங்கத்துக்காகப் பல கிராமங்கள் இடம் பெயர்ந்தன. கோட்டையும் கோயிலும் நிற்கும் ஊருக்குக் கல்லே சாட்சி. தோண்டப்பட்ட ஊருக்கோ காகிதமும் பெரியவர்களின் நினைவும்தான் சாட்சி. அந்தக் காகிதம் பல சமயம் பழைய பேப்பராக எடைக்கு வந்து, நம் கடையில் பொட்டலமாகிப் போகிறது. ஆகவே இது நம்மைத் தொட்ட விஷயம்.

பெரிய நிறுவனங்களும் பிறர் கொடுத்ததால் வளர்ந்தவையே. 1851இல் தொடங்கிய சென்னை அருங்காட்சியகத்துக்கு முதல் சேமிப்பாக அமைந்தவை, சென்னை இலக்கியச் சங்கம் அளித்த 1100 நிலவியல் மாதிரிகள். செட்டிநாட்டுக் கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதும் தொழில் செய்த ரோஜா முத்தையா, நூல்களோடு நோட்டீஸ்களையும் அழைப்பிதழ்களையும்கூடச் சேர்த்து வைத்தார். 1992இல் அவர் மறைந்தபின் அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. அது இன்று சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக விளங்குகிறது.

நாம் செய்யக்கூடியவை:

1. பழைய காகிதக் கட்டைக் கிழிக்குமுன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். கிராமக் கணக்கு, நிலப் பத்திரம், கடிதம், புகைப்படம், ஓலைச்சுவடி இருந்தால் தனியே எடுத்து வையுங்கள். செல்லோடேப் ஒட்டவோ லேமினேஷன் செய்யவோ வேண்டாம். இரண்டும் காகிதத்தைக் கெடுக்கும்.

2. பழைய எடைக்கல், படி, மரக்கால் ஆகியவற்றைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். 1957 ஏப்ரல் 1இல் நயா பைசா வந்தது. 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் எடைகள் படிப்படியாக வந்தன. அதற்குமுன் 40 பலம் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு. இந்தக் கணக்கு இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. புளி போட்டுத் தேய்த்தால் முத்திரை மழுங்கும். உலர்ந்த துணியால் துடைத்தாலே போதும். அவற்றை வியாபாரத்தில் மட்டும் பயன்படுத்தக் கூடாது.

3. தாத்தா காலத்துப் பேரேட்டைப் பாதுகாருங்கள். எந்த ஊரார் வந்து வாங்கினார்கள், அரிசி என்ன விலை, கடன் எப்போது அடைந்தது என்பதெல்லாம் அதில் உண்டு. வாடிக்கையாளர் கடன் விவரம் வெளியாவது சங்கடமென்றால், பெயரை மறைத்து நகல் கொடுக்கலாம்.

4. எதைக் கொடுத்தாலும் யாருடையது, எந்த ஊர், எந்த ஆண்டு என்று எழுதிக் கொடுங்கள். விவரமில்லாத பொருள் ஊமை. நன்கொடையா, இரவலா என்பதைத் தெளிவாக்கி, பதிவு எண்ணுடன் ரசீது பெறுங்கள். நம் மாவட்டத்தில் கடலூரில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது.

5. அஸ்திவாரம் தோண்டும்போது நாணயமோ சிலையோ கிடைத்தால் உடனே வருவாய்த் துறைக்குத் தெரிவியுங்கள். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் அதைக் கட்டாயமாக்குகிறது. 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமமின்றித் தொல்பொருள் வியாபாரம் செய்வது குற்றம். மலிவாக வருகிறதென்று பழஞ்சிலையை வாங்கிவிடாதீர்கள்.

6. பணமாக உதவுமுன் என்ன தேவை என்று கேளுங்கள். ஒரு பீரோவோ, பள்ளிப் பிள்ளைகள் போய்வர வேன் வாடகையோ பெரிய உதவியாக இருக்கும். பில்லின் அடியில் அருங்காட்சியக நேரத்தை அச்சிடுவதற்குத் தனிச் செலவே இல்லை.

இவற்றில் எதற்கும் பெரிய முதல் தேவையில்லை. உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் கடைப் பரணை ஒருநாள் இறக்கிப் பார்த்து, கிடைத்தவற்றைப் பட்டியலிட்டுச் சங்கத்தில் கொடுக்கலாம். மூத்த வணிகர்களின் நினைவுகளை எழுதி வைக்கும் வேலையைத் தள்ளிப்போட வேண்டாம். சரக்கு தீர்ந்தால் மறுபடி வரவழைக்கலாம், இது அப்படியல்ல.