ஓர் இயந்திரம் நின்றால்?

கடலில் படகின் இயந்திரம் நின்றுபோனால், துணைப்படகு வரும்வரை மிதந்துகொண்டிருக்கலாம். ஆகாயத்தில் அது இயலாது. பயணிகள் விமானத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட இயந்திரங்கள் பொருத்தப்பட்டமைக்கு இது முக்கிய காரணமாகும்.

1931இல் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் மூன்று இயந்திரங்கள் கொண்ட பொக்கர் விமானமொன்று வீழ்ந்து, அதிலிருந்த 8 பேரும் இறந்தனர். மரத்தாலான இறக்கை முறிந்ததே காரணம். ஆகவே மறு ஆண்டு ரி.டபிள்யூ.ஏ. விமான நிறுவனம், உலோகத்தாலான மூன்று இயந்திர விமானமொன்றைக் கேட்டது. டக்ளஸ் நிறுவனப் பொறியியலாளர்களோ இரண்டே போதும் என்றனர். அப்படியாயின், ஒன்று நின்றாலும் மற்றதன் பலத்தால் அது மேலெழ வேண்டும் என்பது நிபந்தனையாயிற்று.

1933 ஜூலை 1இல் டி.சி.-1 பறந்தது. அவ்வாண்டிலேயே, காற்றடர்த்தி குறைந்த மேட்டு நகரான வின்ஸ்லோவில் சோதனை நடந்தது. விமானம் எழும்பும்போதே ஓர் இயந்திரம் நிறுத்தப்பட்டது. மற்றதைக் கொண்டே அது அல்புகேர்க்கி நகர்வரை பறந்து பத்திரமாக இறங்கியது. வலிமையான இயந்திரமும், அலகுகளின் கோணத்தை மாற்றக்கூடிய சுழல்விசிறியும் இதற்குக் கைகொடுத்தன.

அதன் வழிவந்த டி.சி.-3 விமானம் 1935 டிசெம்பர் 17இல் முதன்முதலாகப் பறந்தது. 21 பயணிகள் அமரக்கூடிய இதன் போர்க்கால வடிவமே டக்கோட்டா. அத்தகைய விமானங்களுடன்தான் நமது எயார் சிலோன் தொடங்கியது. 1947 டிசெம்பர் 10இல் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு அதன் முதற் சேவை நடைபெற்றது.

மூன்று இரண்டாகக் குறைந்தும் பாதுகாப்புக் கூடியது எவ்வாறு? எத்தனை இயந்திரங்கள் என்று எண்ணுவதோடு நில்லாமல், எஞ்சிய ஒன்று முழுச் சுமையையும் தாங்குமா என்று முன்கூட்டியே கேட்டுச் சோதித்ததனாலேயே. பௌதிகவியல் கற்கும் மாணவியர் மனத்திற்கொள்ள வேண்டிய கேள்வி இது.