செங்கடல் வாணிபமும் யேமன் உள்நாட்டுப் போரும்

நம் நாட்டுக் கைத்தறி விரிப்புகள் ஐரோப்பா செல்லும் குறுக்கு வழி, செங்கடலும் சூயஸ் கால்வாயும் ஆகும். இவ்வழியின் தெற்கு வாயில் சுமார் 30 கிலோமீட்டர் அகலமே உள்ள பாபெல் மாண்டெப் ஜலசந்தி. அதன் கீழ்க்கரை யேமன் நாடு.

2023 நவம்பர் முதல், அந்நாட்டின் ஹூதி என்னும் ஆயுதப் படையினர் இவ்வழிச் செல்லும் கப்பல்களைத் தாக்கலாயினர். காஸாப் போரை அதற்குக் காரணமாகக் கூறினர். ஆயினும் அப்போருடன் தொடர்பற்ற கப்பல்களும் தப்பவில்லை. தாக்குண்ட 'ரூபிமார்' என்னும் கப்பல் 2024 மார்ச்சில் சுமார் 21,000 டன் உரத்துடன் மூழ்கியது. பல கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிச் சென்றமையால் பயணம் பத்து நாட்களுக்கு மேலும் நீண்டது. கப்பல் கூலியும் இன்ஷூரன்ஸ் கட்டணமும் ஏறின.

2023 டிசம்பரில் அமெரிக்கா தலைமையிலும், 2024 பிப்ரவரியில் ஐரோப்பிய யூனியன் சார்பிலும் கடற்படைக் காவல் ஏற்பட்டது. குண்டுவீச்சும் நிகழ்ந்தது. எனினும் 2025 ஜூலையில் மேலும் இரு கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டன. காவல் இன்றியமையாததே, ஆனால் கரையில் போர் தீராதவரை கடலில் அச்சம் தீராது என்பது இதனால் விளங்கும்.

2014 செப்டம்பரில் ஹூதிகள் தலைநகர் சனாவைக் கைப்பற்றினர். 2015 மார்ச்சில் அரசுக்குத் துணையாகச் சவூதி அரேபியக் கூட்டணி போரில் இறங்கியது. 2021 முடிய மாண்டோர் 3,77,000 பேர் என்றும், அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் பசி, நோய் போன்றவற்றால் மாண்டவர் என்றும் ஐக்கிய நாடுகளின் அபிவிருத்தி ஸ்தாபனம் மதிப்பிட்டது. 2016-இல் மத்திய வங்கியின் தலைமையகம் ஏடனுக்கு மாற்றப்பட்டது. சனாவிலும் வேறொரு நிர்வாகம் நீடித்தது. ஒரு நாட்டுக்கு இரு கஜானாக்கள்! ஊழியர் பலர் சம்பளமின்றி வாடினர்.

2018 டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. ஹொடைடா முதலிய துறைமுகங்களின் வருமானத்தை வங்கியில் செலுத்தி, ஊழியர் சம்பளத்துக்கு உதவுவது அதன் ஒரு பகுதி. 2020-இல் அப்பணத்தை ஹூதிகள் எடுத்தனர். சம்பளத்துக்கே எடுத்ததாக அவர்கள் கூறினர். தன் சம்மதமின்றி எடுத்ததாக அரசு கூறியது. ஏற்பாடு முறிந்தது. 2022 ஏப்ரலில் தொடங்கிய போர்நிறுத்தமும், பெரும்பாலும் இச்சம்பளத் தகராறினாலேயே, அக்டோபரில் புதுப்பிக்கப்படாது போயிற்று.

சங்கங்களைத் தணிக்கை செய்யும்போது நாம் காண்பதும் இதுவே. நம்பிக்கை குன்றிய இடத்தில் வெறும் வாக்குறுதி நில்லாது. இரு தரப்பாரின் கையொப்பமும், நடுநிலையாளரின் மேற்பார்வையும், யாவரும் பார்க்கத்தக்க கணக்கும் வேண்டும். ஆயுதத்தைக் கீழே வைக்கச் சொல்லுமுன், துறைமுக வரவு எவர் கையில் சேரும், ஆசிரியருக்கும் மருத்துவருக்கும் எந்நாளில் சம்பளம் கிட்டும் என்பவற்றைச் சமாதானப் பேச்சு தீர்த்தல் வேண்டும். அத்தகைய உடன்பாடே யேமன் மக்களுக்கு உணவும், நம் சரக்குக்கு வழியும் அளிக்கவல்லது.