சுவருக்கு மறுபக்கம் ஒரு பிளக் பொயின்ற்

குளித்துவிட்டு வெளியே வரும்போது அம்மா லைற்றை நூர்த்துவிட்டுத்தான் வருவார். அந்த நொடியே குளியலறைக்குள் ஓடிக்கொண்டிருக்கும் வோசிங் மெசினும் நின்றுவிடும். உடுப்பெல்லாம் சவர்க்காரத் தண்ணீரில் ஊறிக் கிடக்கும். "லைற்றை நூர்க்காதேங்கோ அம்மா" என்று இரண்டு வருடம் சொன்னோம். சுவிச்சுக்கு மேலே கடதாசியில் எழுதியும் ஒட்டினோம். பயனில்லை. தொண்ணூறுகளில் வன்னிக்கு மண்ணெண்ணெய் அரிதாகவே வந்த காலத்தில் ஜாம்போத்தல் விளக்கைச் சொட்டுச் சொட்டாக எரித்து எங்களைப் படிக்க வைத்தவர் அவர். ஆளில்லாத அறையில் வெளிச்சம் எரிய அவர் கை விடாது.

ஒருநாள் ஈரக்கையோடு மெசினைத் தொட்டவர், "சுள்ளெண்டு இழுக்குது பிள்ளை" என்றார். அன்றுதான் எனக்கு உறைத்தது. அம்மாவின் பழக்கத்தில் பிழையில்லை, வயரிங்கில்தான் பிழை.

கிளிநொச்சியில் அப்பா எண்பதுகளில் கட்டிய வீடு இது. அப்போது குளிப்பு முழுக்கு எல்லாம் கிணற்றடியில்தான். யுத்தம் முடிந்து 2010இல் நாங்கள் திரும்பி வந்தபோது சுவர்கள் மட்டுமே நின்றன. கூரை போட்டு, கையில் இருந்த காசுக்கு ஏற்றபடி வயரிங் செய்தோம். அம்மாவுக்கு இரவில் வெளியே போக ஏலாமல் வந்த பிறகு, அறையோடு சேர்த்துக் குளியலறை கட்டினோம். அதன் லைற்றுக்கு அறை லைற்றிலிருந்து கறண்ட் எடுத்தார்கள், பிளக்குக்கு அந்தக் குளியலறை லைற்றிலிருந்து எடுத்தார்கள். வன்னியில் பல வீடுகளின் வயரிங் இப்படித் துண்டு துண்டாகத்தான் வளர்ந்திருக்கிறது.

வயரிங்கைத் திருத்த முதலில் வந்தவர், "ஒரு வயர் இழுத்தால் போதும், அரை மணித்தியால வேலை" என்றார். அடுத்து வந்த தம்பி அப்படிச் சொல்லவில்லை. "அக்கா, இதில என்ன சாமான் கொழுவப் போறீங்கள்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகவே வேலையை அவரிடம் கொடுத்தேன்.

மெயினை நிப்பாட்டிவிட்டுச் சுவிச் பலகையைக் கழற்றினார். உள்ளே இரண்டே இரண்டு சிவப்பு வயர்கள். ஒன்றில் எந்நேரமும் கறண்ட் இருக்கும், மற்றது சுவிச்சைப் போட்டால் மட்டும் லைற்றுக்குக் கறண்டைக் கொண்டுபோகும். நியூற்றல் அங்கே இல்லை, அது லைற்றடியில் இருந்தது. பிளக் பெட்டியைத் திறந்தபோது நெஞ்சு பதறியது. கறுப்பு வயரின் உறை வெந்து, தொட்டதும் உதிர்ந்தது. பச்சை வயர் எதிலும் பொருத்தப்படாமல் சுருட்டி உள்ளே தள்ளப்பட்டிருந்தது. எர்த் என்று ஒன்று அந்தப் பிளக்குக்கு இருந்ததே இல்லை.

சுவிச்சுக்கு வரும் சிவப்பையும் லைற்றில் உள்ள நியூற்றலையும் பிளக்குக்குக் கொண்டுபோனால் அதில் எந்நேரமும் கறண்ட் இருக்கும். முதலாமவர் சொன்ன அரை மணித்தியால வேலை அதுதான். ஆனால் லைற்றுக்குப் போட்டிருப்பது மெல்லிய 1/1.13 வயர். தண்ணீரைச் சூடாக்கும் மெசின் 2000 வாற் இழுத்தால், 230 வோல்ற்றில் கிட்டத்தட்ட 9 அம்பியர். லைற் லைனுக்கு 6 அம்பியர் பிரேக்கர்தான் இருக்க வேண்டும். எங்கள் வீட்டிலோ அது அடிக்கடி விழுகிறது என்று யாரோ 20 அம்பியர் போட்டிருந்தார்கள். வயர் வெந்தபோதும் கறண்ட் வெட்டுப்படாததன் காரணம் அங்கே இருந்தது. பிரேக்கர் விழுந்தால் பெரிய பிரேக்கர் போடுவது, காய்ச்சலைக் காட்டுகிற கருவியை உடைப்பது போன்றது.

கடைசியில் பிளக்கைக் குளியலறைக்குள் வைக்கவே இல்லை. இலங்கையில் வயரிங்குக்குப் பின்பற்றும் பிரித்தானிய விதி, பிஎஸ் 7671, குளிக்கும் இடத்தின் எல்லையிலிருந்து 3 மீற்றருக்குள் சாதாரண பிளக் வைக்கக் கூடாது என்று சொல்லி வந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அது 2.5 மீற்றர் ஆனது. எங்கள் குளியலறை முழுவதுமே ஐந்தடிக்கு ஏழடி. உள்ளே எங்கே வைத்தாலும் பிழைதான். மெசினைச் சுவருக்கு மறுபக்கம், பின் விறாந்தைக்கு நகர்த்தினோம். பிரேக்கர் பெட்டியிலிருந்து தடித்த 7/0.67 வயரில் தனி லைன் இழுத்து, 16 அம்பியர் பிரேக்கர் போட்டு, சதுரக் கால் 13 அம்பியர் பிளக் வைத்தோம். குளியலறைக்குள் இருந்த பழைய பிளக்கைக் கழற்றி, அதன் வயர்களை லைற்றடியிலேயே துண்டித்து, பெட்டியை மூடிவிட்டோம். லைற் லைனுக்கு மறுபடி 6 அம்பியர் வந்தது.

அதோடு வேலை முடியவில்லை. கறண்ட் கசிந்தால் லைனை வெட்டும் ட்ரிப் சுவிச்சின் ரெஸ்ற் பொத்தானை அமத்தினால் டக்கென்று விழும். அதை நம்பித்தான் இவ்வளவு காலம் இருந்தோம். அந்தப் பொத்தான் ட்ரிப் சுவிச் வேலை செய்கிறதா என்பதை மட்டும்தான் காட்டும், எர்த் இருக்கிறதா என்று காட்டாது என்று தம்பி விளக்கினார். எர்த் இருந்தால், கறண்ட் மெசினின் உடம்புக்குக் கசிந்த உடனேயே லைன் வெட்டுப்படும். எர்த் இல்லாவிட்டால், யாராவது தொட்டு, அவர் உடம்பு வழியாகக் கறண்ட் நிலத்துக்குப் போன பிறகுதான் வெட்டும். அம்மாவின் கையில் இழுத்ததை நினைத்தால் இன்னும் உடல் கூசுகிறது.

எர்த் கம்பியைத் தேடிப் போனோம். முன் முற்றத்துக் கிரவல் மண்ணில், துருப்பிடித்த கிளிப்போடு நின்றது. ஆவணி வெயிலில் அந்த மண் கல்லாக இறுகிக் கிடந்தது. காய்ந்த மண் கறண்டை லேசில் உள்ளே விடாது. குளியலறைத் தண்ணீர் வாழையடிக்குப் போகிற ஈரமான இடத்தில் புதுக் கம்பி அடித்து, எர்த் வயரை அதில் இறுக்கி, மீற்றர் வைத்து அளந்த பிறகுதான் தம்பி மெயினைப் போட்டார்.

பழைய வீட்டுக்காரருக்கு என் அனுபவத்திலிருந்து சில வார்த்தைகள்:

லைற்றை நூர்த்தால் உங்கள் பிளக்கும் சாகிறதா? அது லைற் லைனிலிருந்து எடுத்தது. போன் சார்ஜரைத் தவிர வேறெதையும் அதில் கொழுவாதீர்கள்.

நியூற்றல் கிடைக்காத இடத்தில் எர்த் வயரை நியூற்றலாக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அவரைத் திருப்பி அனுப்புங்கள். அந்த வயர் எங்காவது கழன்றால், எர்த் கொடுத்த எல்லாச் சாமானின் உடம்பிலும் கறண்ட் ஏறிவிடும்.

ட்ரிப் சுவிச்சில் 30 மில்லி அம்பியர் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். மாதம் ஒருமுறை பொத்தானை அமத்துங்கள். மாரியில் அடிக்கடி விழுகிறது என்று அதை விலக்கி நேரே லைன் கொடுக்க விடாதீர்கள். எங்கோ ஈரம் ஏறியிருப்பதைத்தான் அது சொல்கிறது.

எர்த்தை மாரியில் அளந்து திருப்திப்படாதீர்கள். ஆவணியில் அளந்து பாருங்கள்.

வயரில் கை வைக்க முன், கறண்ட் இருப்பது நிச்சயமான ஓரிடத்தில் ரெஸ்ரர் எரிகிறதா என்று பாருங்கள். பழுதான ரெஸ்ரர் எரியாததை நம்பிக் கை வைத்தால் உயிர் போகும். பழகாதவர் சுவிச் பலகையைக் கழற்றவே வேண்டாம், என்விகியூ (தேசிய தொழிற் தகைமை) சான்றிதழ் உள்ளவரைக் கூப்பிடுங்கள்.

சுவிச்சுக்கு மேலே ஒட்டியிருந்த கடதாசியை அன்று மாலையே கிழித்தேன். அம்மா குளித்துவிட்டு வந்து, வழமைபோல லைற்றை நூர்த்தார். பின் விறாந்தையில் மெசின் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது.